காசிமேட்டில் கூவிய டச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து அத்திப்பட்டு வரை போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, கோபத்தில். நான் வியாசர்பாடிக்காரி, நர்ஸ். நெதர்லாந்தில் வேலைக்காக டச்சு படிக்கிறேன். "நீளமான வார்த்தை எல்லாம் உங்க வாயில கொழகொழன்னு வருது. உங்க ஏரியா நாக்கு அப்படி" என்று ஆன்லைன் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார் பயிற்சியாளர். ஞாயிறு மாலைக்குள் சரியான ஒலிப்பதிவு போகாவிட்டால் தேர்வுக்கு என் பெயர் போகாது.

டச்சில் சொல்ல அவர் கொடுத்தவை இரண்டு வார்த்தைகள்: மீன்பிடித் துறைமுகம், மின் நிலையம். இரண்டுமே எங்கள் பக்கம்தான் இருக்கின்றன, காசிமேட்டிலும் அத்திப்பட்டிலும். நேரில் பார்த்தே சொல்லிவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்குக் காசிமேடு. ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் குறையும், எனக்கு அன்று பொறுமை இல்லை. டச்சுக்காரர்கள் இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்கிவிடுவார்கள். விஸ்ஸர்ஸ் மீனவர்கள், ஹாவன் துறைமுகம். விஸ்-ஸர்ஸ்-ஹா-வன். அழுத்தம் முதலில் வரும் 'விஸ்' மேல் விழ வேண்டும். எனக்கு நான்கு அசையும் ஒரே மட்டமாக வந்தது.

பக்கத்தில் வஞ்சரம் விற்றுக்கொண்டிருந்த அக்கா திரும்பினார். "இன்னாமா, யாரைத் திட்டிகினு கீற?"

"டச்சுக்கா. பரீட்சை கீது."

"அத்த ஏன் பயந்துகினு சொல்ற? கூவி சொல்லு!"

போனில் பதிவை அழுத்திவிட்டுக் கூவினேன். 'விஸ்' ஓங்கி விழுந்தது, மற்றது பின்னாலேயே ஓடி வந்தது. அப்போதுதான் புரிந்தது. நாக்கில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் எங்கள் பேச்சு தெரிந்துவிடக் கூடாதென்று குரலை அமுக்கி அமுக்கிப் பேசியதில் எல்லா அசையும் தட்டையாகிவிட்டது. என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ராயபுரத்திலிருந்து மின்சார ரயிலில் அத்திப்பட்டு, முக்கால் மணி நேரம். புகைபோக்கிகளைப் பார்த்தபடி நடைமேடையில் நின்றேன். ஏ-லெக்-ட்ரி-ஸி-டெய்ட்ஸ்-ஸென்-ட்ரா-ல. இதிலும் முதல் சொல்லான மின்சாரத்துக்குத்தான் அழுத்தம், ஆனால் அதன் கடைசி அசையான 'டெய்ட்ஸ்' மேல். முழுக் குரலில் சொல்லிப் பதிந்தேன். நாலு பேர் முறைத்தார்கள், முறைக்கட்டும். காசிமேட்டு ஏலச் சத்தம், ரயில் ஹாரன் எல்லாவற்றோடும் இரண்டு பதிவுகளையும் அனுப்பினேன்.

போகிறவர்கள் காசிமேட்டுக்கு ரப்பர் செருப்பு போட்டுப் போங்கள், தரையெல்லாம் ஈரம். அத்திப்பட்டில் சாம்பல் தூசு பறக்கும், முகக்கவசம் வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

திரும்பும் ரயிலில் பதில் வந்தது: "அழுத்தம் சரி. பின்னால் ஒரே சத்தம். அமைதியான அறையில் மறுபடி பதியவும்."

"அது சத்தம் இல்ல சார், எங்க ஊரு. மறுபடி பதிய மாட்டேன், பேரைச் சேருங்க" என்று அனுப்பினேன்.

ரயில் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் சேர்த்துவிட்டார்.