குறுக்கே வெட்டிய பிளைவுட்

எங்கள் கல்லூரி நுழைவாயிலின் இடப்பக்கச் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தார்கள். என் வகுப்பில் படிக்கும் ஒருவன் அதில் ஒரு மேசை விளக்கைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த விளக்கு நான் செய்தது.

வாழைப்பூ மடல்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக விரியும் விளக்கு அது. அந்த வடிவம் சரியாக வருவதற்காகச் சுங்கை வே அடுக்குமாடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி வெட்டிக் குவித்தேன். அம்மா தட்டு வைக்க இடமில்லாமல் ஒரு வாரம் எல்லாரையும் மடியில் வைத்துச் சாப்பிடச் சொன்னார். விளக்கைக் குழுவாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள்; படத்தில் இருந்தவன்தான் எங்கள் குழுவின் தலைவன் என்று பெயர். பணக்காரர்கள் வாழும் பங்சாரில் வீடு, நல்ல ஆங்கிலம், யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுகிற சுபாவம். விளக்கை விளக்கிச் சொல்லும் நாளில் தேர்வாளர்களுக்கு முன்னால் அவனே பேசினான். யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஒரு நாள் மழையில் வாழைத் தோட்டத்தைப் பார்த்தானாம். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, உப்புத்தாள் தேய்க்கிற வேலையில் இவள் ரொம்ப உதவியாக இருந்தாள் என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். தோழிகள் "விடு லா, ஒரு விளக்குதானே" என்றார்கள். நான் விடவில்லை. பேருந்தில் வரும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவன் சொன்ன உப்புத்தாள் என் பல்லிடுக்கில் அரைபட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த பருவத்தில் மேக்கர்ஸ்பேஸ் திட்டம் வந்தது. மேக்கர்ஸ்பேஸ் என்பது எங்கள் கல்லூரியின் கீழ்த்தளத்தில் இருந்த பெரிய பட்டறை. லேசர் வெட்டும் இயந்திரம், 3டி பிரிண்டர்கள், மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சோல்டரிங் மேசைகள், சிலிக்கோன் வார்க்க ஒரு மூலை என்று எல்லாம் அங்கே உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு பொருள் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று விதமான செய்முறைகளை அதில் கலக்க வேண்டும். விரிவுரையாளர் அறிவித்து முடிப்பதற்குள் அவன் என் மேசைக்கு வந்துவிட்டான்.

"ஏய், மறுபடியும் நாம ஒண்ணா செய்யலாம் லா. போன தடவை நமக்கு நல்லா செட் ஆச்சு."

அவன் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. என்னிடமிருந்து எடுத்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. எடுத்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"சரி" என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் என்னை முறைத்தாள். அந்த நிமிடத்தில் என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. தூரத்தில் நின்று அவனை ஒன்றும் செய்ய முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

மூன்றாவதாக ஒரு மலாய்ப் பெண் எங்களோடு சேர்ந்தாள். காஜாங்கிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், அதிகம் பேசமாட்டாள், சோல்டரிங் செய்வதில் எங்கள் வகுப்பிலேயே அவளுக்குத்தான் நிதானமான கை.

என்ன செய்வது என்ற யோசனையையும் நான்தான் கொண்டுவந்தேன். என் அண்ணன் லோரி ஓட்டுகிறார். வார இறுதிகளில் கிள்ளானில் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறார். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் உரச வேண்டும், மறுபக்கத்தைக் குச்சியால் தட்ட வேண்டும். வீட்டில் பழகினால் மேல்வீட்டிலிருந்தும் கீழ்வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிடும். ஆகவே சத்தம் வெளியே வராத ஒரு பழகு உறுமி: லேசரில் வெட்டி வளைத்த பிளைவுட் உடல், 3டி பிரிண்டரில் அச்சிட்ட இறுக்குப் பிடிகள், தோலுக்குப் பதில் வார்த்த சிலிக்கோன், உள்ளே அதிர்வை வாங்கி ஹெட்போனுக்கு அனுப்பும் சின்ன மின்சுற்று. உண்மையான உறுமிக்கு இடை சிறுத்திருக்கும். எங்களுக்கு நேரான உருளை போதும், கை பழகத்தானே.

வெள்ளைப் பலகையில் நான் வேலைகளைப் பிரித்து எழுதினேன். எந்த வேலையை அவன் கேட்பான் என்று எனக்குத் தெரியும். லேசர் இயந்திரத்தின் முன்னால் நின்றால்தான் வருகிறவர்கள் எல்லாம் படம் எடுப்பார்கள்.

"உடம்பு என்னோடது" என்றான். "லேசர் நான் பாத்துக்கிறேன்."

"எடுத்துக்கோ. இன்னொண்ணு. இதை முன்னாடியே கட்டி எடுத்துட்டுப் போக வேணாம். பிளைவுட்டைத் தட்டையா கொண்டுபோய் ஜட்ஜஸ் முன்னாலயே வளைச்சுக் கட்டலாம்."

அவன் கண் மலர்ந்தது. "பெஸ்ட் லா. நான் பேசிக்கிட்டே வளைக்கிறேன்."

"நீதான் வளைக்கணும்" என்று சொல்லி அதையும் வெள்ளைப் பலகையில் எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிளைவுட்டில் நெருக்க நெருக்கமாக நீளக் கீறல்கள் விட்டால் அது துணி மாதிரி வளையும். ஆனால் கீறல்கள் மரத்தின் நார் ஓடுகிற திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் கொஞ்சம் வளைவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு ஒடிந்துவிடும். இது ரகசியம் இல்லை. பயிற்சி வகுப்பில் எல்லாருக்கும் சொன்னார்கள். அவன் அப்போது கைப்பேசியில் இருந்தான். முதலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி வளைத்துப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைப் பலகையிலும் அவன் பெயருக்குக் கீழேயே எழுதி வைத்திருந்தேன். நான் எதையும் மறைக்கவில்லை. எதையும் கெடுக்கவும் இல்லை. அவனை அவனாகவே இருக்க விட்டேன், அவ்வளவுதான்.

அவனும் ஏமாற்றவில்லை. புதுப் பலகை வாங்கச் சோம்பல்பட்டு, மீந்து கிடந்த ஒரு துண்டில் இடம் போதவில்லை என்று வெட்டும் வரைபடத்தைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு வெட்டினான். வெட்டியதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். மறுநாள் அலமாரியில் அந்தப் பலகையைப் பார்த்தேன். நார் ஒரு பக்கம் ஓடியது, கீறல்கள் அதற்குக் குறுக்கே ஓடின. விரலால் தடவிப் பார்த்தேன். பசித்தவள் முன்னால் இலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

காஜாங் பெண்ணும் பார்த்தாள். "ஓகே ஆ இது?" என்று கேட்டாள்.

"அவன்கிட்ட கேளு. அவன் வேலை."

அவள் கேட்டாள். அவன், "ஓகே லா, நான் வளைச்சுப் பாத்துட்டேன்" என்றானாம். ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம் என்று நானும் எங்கள் கைப்பேசிக் குழுவில் எழுதினேன். ஃபுட்சால் ஆட்டம் இருக்கிறது என்று பதில் போட்டான். அதற்கு நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி வைத்தேன்.

அந்த வாரமே நான் தனியாகப் போய் இன்னொரு உடலை வெட்டினேன். நார் பார்த்து, சோதனைத் துண்டு வெட்டி, கீறல்களின் இடைவெளியை இரண்டு முறை மாற்றி. என் பங்கான சிலிக்கோன் தோல் முதல் இரண்டு வார்ப்புகளில் வழுக்கிவிட்டது. மூன்றாவதில்தான் குச்சி பிடித்து உரசியது. கட்டி அண்ணனிடம் கொடுத்தபோது அவர் கொஞ்ச நேரம் உரசிப் பார்த்துவிட்டு, "கைக்கு அப்படியே இருக்கு. நீயா செஞ்ச?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

காட்சி நாளில் அவன் புதுச் சட்டை போட்டு வந்தான். மேசையைச் சுற்றித் தேர்வாளர்கள், எங்கள் விரிவுரையாளர், மற்ற குழுக்கள், சில பெற்றோர்கள். என் பைக்குள் நான் வெட்டிய உடல் ஒரு துணியில் சுற்றியபடி இருந்தது. அவன் ஆரம்பித்தான். தைப்பூசக் கூட்டத்தில் உறுமி கேட்டபோது அவனுக்கு மெய் சிலிர்த்ததாம், அப்போது பிறந்ததாம் இந்த யோசனை. என் அண்ணன், எங்கள் மேல்வீடு, கீழ்வீடு எல்லாம் ஒரே நிமிடத்தில் அவனுடையதாகிவிட்டன. நான் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் சொல்லட்டும் என்று இருந்தது.

வளைக்கிற கட்டம் வந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்றை அவன் அப்போது செய்தான். பலகையை எடுத்துக் காஜாங் பெண்ணின் கையில் கொடுத்தான். "நீ வளை, நான் எக்ஸ்பிளைன் பண்றேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடியும் தேர்வாளர்கள் பக்கம் திரும்பினான்.

அவள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தாள். அது அவள் கையில் ஒடியக் கூடாது. இத்தனை வாரம் நான் காத்திருந்தது அதற்கு இல்லை. அவளிடமிருந்து பலகையை மெதுவாக வாங்கி அவன் முன்னால் நீட்டினேன்.

"திட்டத்துல இது உன் வேலை" என்றேன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில், சத்தமாக. "உடம்பை வெட்டினது நீ. வளைக்கிறதும் நீதான்."

அவன் சிரித்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்கித்தான் ஆக வேண்டும். பேசிக்கொண்டே வளைத்தான். பாதி வட்டம்வரை வந்தது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து வரிசையாகப் பட்டாசு மாதிரி சின்னச் சின்னச் சத்தங்கள். அவன் கையில் இரண்டு துண்டுகள் இருந்தன. வாய் மட்டும் இன்னும் பாதி வாக்கியத்தில் திறந்திருந்தது.

அந்த முகத்தை நான் இன்றைக்கும் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நான் பையைத் திறந்து நான் வெட்டிய உடலை எடுத்தேன். வளைத்தேன், பிடிகளை மாட்டினேன், சிலிக்கோனை இழுத்து இறுக்கினேன். காஜாங் பெண் மின்சுற்றைப் பொருத்தினாள். அவள் கை அப்போதும் நடுங்கவில்லை. ஹெட்போனைத் தேர்வாளர் ஒருவரின் காதில் மாட்டிவிட்டு உரசினேன். அவர் புருவம் உயர்ந்தது. அடுத்தவர் ஹெட்போனுக்குக் கை நீட்டினார்.

விரிவுரையாளர் மட்டும் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சீனப் பெண்மணி, குரலை உயர்த்தவே மாட்டார். "குறுக்கே வெட்டியிருக்கிறது. உனக்கு முன்னமே தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியும்."

"அவனிடம் சொன்னாயா?"

"வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தேன். ஒத்திகைக்கும் கூப்பிட்டேன்."

"நான் கேட்டது அதில்லை."

நான் மேசையில் சிதறிய மரச் சிராய்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் துண்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

முடிவு வந்தபோது செய்முறைக்கு மிக உயர்ந்த மதிப்பெண். குழுவாக வேலை செய்ததற்கு மிகக் குறைவு. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண்ணை வெட்டியிருந்தார்கள். காஜாங் பெண் என்னிடம் வந்து, "உங்க ரெண்டு பேர் சண்டை. நான் என்ன செஞ்சேன்?" என்றாள். அவள் சொன்னது நியாயம். நான் விரிவுரையாளரின் அறைக்குப் போய் அவளுக்கு வெட்டியதை என் கணக்கில் போடச் சொன்னேன். அவர் அவளுடையதைத் திருத்தினார். என்னுடையதை அப்படியே விட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வாங்கிய பொருளுக்கு விலை அது.

அவன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினான். முதல் தடவையாகத் தோளில் கை போடாமல் பேசினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளக்கு யாரு செஞ்சதுன்னு."

"அதையா இவ்ளோ நாளா மனசுல வெச்சிருந்த? சின்ன விஷயம் லா அது."

"அப்போ இதுவும் சின்ன விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு மேசை தள்ளி அவன் தன் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தான். கை கழுவப் போகும்போது அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் சாம்பாரில் மும்முரமாகிவிட்டான். அவன் அம்மாவோ காட்சி நாளுக்கு வராதவர். எங்கேயோ படத்தில் பார்த்திருக்கிறார் போல, முகம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீதானேம்மா இவன்கூட அந்த உறுமி புரோஜெக்ட் செஞ்ச பொண்ணு? வீட்டுல எல்லாம் சொன்னான். இவன் வெட்டின மரத்தை ஜட்ஜஸ் எல்லாம் அசந்து போய்ப் பாத்தாங்களாமே."

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த அம்மாவும் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்.

"அசந்துதான் போனாங்க ஆன்டி" என்றேன். "இவர் வெட்டினது அவங்க கண்ணு முன்னாலயே ஒடைஞ்சுருச்சு. அப்புறம் நான் செஞ்சதைத்தான் வெச்சுக் கட்டினோம். போன பருவத்துல அந்த விளக்கு இருக்கே, சுவத்துல படம்கூட மாட்டியிருக்காங்க, அதுவும் நான் செஞ்சதுதான். இவர் சொல்ல மறந்திருப்பாரு."

அவன் அப்பா அப்பளத்தை உடைக்கப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் இருந்த மலர்ச்சி எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. அவன் இலையைவிட்டு நிமிரவே இல்லை.

"வரேன் ஆன்டி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்து சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல் கழுவினேன்.