அருஞ்சுனை கேட்ட அளவு

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டித்தான் அருஞ்சுனையின் வீடு. பதினெட்டு வருஷம் அதே ரோட்டில் உப்பு லோடு ஏற்றி ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், சேலத்துக்குப் போகும் வழியில், பின்னால் வருகிற வண்டியெல்லாம் தன்னைப் பிடிக்கத்தான் வருகிறது என்று ஒரு குரல் சொல்ல, லாரியை நடுரோட்டில் சாவியோடு விட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கி நடந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

வைத்தியம் நடந்தது. குரல் அடங்கியது. கூடவே அவரும் அடங்கிப்போனார். காலை பத்து மணிக்குக்கூட இமை பிரியாது. டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பும். டாக்டர்கள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. எல்லாரும் மனைவி தங்கச்செல்வியைப் பார்த்துத்தான் கேட்பார்கள்: "தூங்குறாரா? சாப்பிடுறாரா? சண்டை போடுறாரா?" அவள் பதில் சொல்வாள். அருஞ்சுனை பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்.

போன ஆடியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ரோஷினி என்ற டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். வழக்கம்போல் தங்கச்செல்வி பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்ககிட்டயும் கேக்குறேன். முதல்ல அண்ணன் சொல்லட்டும்," என்று டாக்டரம்மா நாற்காலியை அருஞ்சுனை பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்த மாத்திரை உங்களுக்கு எப்படி இருக்கு? உங்களுக்கு என்ன வேணும்?"

அருஞ்சுனை சுவரிலிருந்து கண்ணை எடுத்து டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.

"ஸ்டியரிங்கப் பிடிக்கணும்," என்றார் கடைசியில்.

தங்கச்செல்வி பதறிப்போனாள். "வேண்டாம் டாக்டரம்மா! இவுகளத் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும்."

டாக்டரம்மா இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இப்ப இருக்கிற நிலையில லாரி ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மந்தம் மருந்தோட அளவுனால வருது. இப்படியே தொடரலாம், குரல் வராது, மந்தம் போகாது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம், தெளிவு வரும், குரலும் திரும்பலாம். வேற மருந்துக்கு மாறலாம், அதுல உடம்பு போடும், சர்க்கரை வரலாம். மருந்தைப் பத்தி எனக்குத் தெரியும். அதைச் சாப்பிட்டுட்டு நாளைக் கழிக்கிறது எப்படின்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

குறைத்துப் பார்க்கலாம் என்று அருஞ்சுனை சொன்னார். தங்கச்செல்வி அரை மனதாகத்தான் தலையாட்டினாள். குரல் வருமுன் என்ன அறிகுறி தெரியும் என்று டாக்டரம்மா கேட்டபோது, "அடிக்கடி திரும்பிப் பாப்பாக," என்றாள் அவள். "அப்படிப் பாத்தா எங்கிட்ட சொல்லு, நான் கோவப்பட மாட்டேன்," என்றார் அருஞ்சுனை அவளிடம். அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழைக்கு அவருக்கு மண் மணத்தது. விடியற்காலையில் தானாக முழிப்பு வந்தது. கை நடுக்கம் குறைந்து, மக்காச்சோளக் காட்டுக்குக் களை எடுக்கப் போனார். ஆனால் மந்தத்தில் ஆறு வருஷம் தூங்கிக் கிடந்த ஆசையும் சேர்ந்தே முழித்துக்கொண்டது. லாரி ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் களைக்கொத்து நின்றுவிடும். வலது பாதம் தன்னால் அழுந்தும். காலி வண்டியா, லோடு வண்டியா என்று காதாலேயே சொல்வார். உப்பளக் காற்று முகத்தில் அடிப்பதை நினைத்துக்கொண்டு வரப்பில் நிற்பார்.

மார்கழியில் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஹாரன் சத்தத்துக்குள் யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். மெல்லத்தான். திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச மாதம் இப்படியே கழித்தால் லைசென்ஸைப் பற்றி டாக்டரம்மாவிடம் பேசலாம். டீ ஆறும்வரை அதையே யோசித்தார். சேலம் ரோட்டில் அன்று தான் விட்டுவிட்டுப் போன வண்டிக்குப் பின்னால் யாராவது வந்து மோதியிருந்தால் என்று அன்றுதான் முதன்முதலாக அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு நடந்தார்.

"செல்வி, இன்னைக்குக் கூப்பிட்டுச்சு."

அவள் அழவில்லை, ஏசவில்லை. "வாங்க, பஸ்ஸு இருக்கு," என்று சேலையை மாற்றினாள்.

டாக்டரம்மா விசாரித்துவிட்டு, "என்ன செய்வோம்?" என்று கேட்டார்.

"பழைய அளவு வேண்டாம், அதுல நான் இல்ல. ஒரு படி மட்டும் ஏத்துங்க. காலையில எந்திரிக்கணும், சத்தமும் வரக்கூடாது."

"சரியா வரும்னுதான் நானும் நினைக்கிறேன். ரெண்டு வாரத்துல வந்து காட்டுங்க. அக்கா, உங்களுக்கு?"

"இவுக சொன்னதே எனக்குப் போதும்," என்றாள் தங்கச்செல்வி.

அருஞ்சுனை தலையைக் குனிந்துகொண்டார். "லாரி வேண்டாம்னு நானே சொல்லிக்கிடுதேன் டாக்டரம்மா. ஆனா ஆசையா இருக்கே, அத என்ன செய்ய?"

டாக்டரம்மா புது அளவைச் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார்.

அந்த அளவு நிலைத்தது. குரல் பிறகு வரவில்லை. இப்போது ரோட்டோர டயர் கடையில் அவருக்கு வேலை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவதால் டிரைவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். மாசத்தில் ஒரு நாள் கூட்டாளி தவசி அவரைத் தன் லாரியில் தூத்துக்குடிவரை ஏற்றிக்கொண்டு போகிறான்.

போன வாரம் எட்டயபுரம் வளைவில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. இடது சீட்டில் இருந்த அருஞ்சுனையின் வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோல் அடித்தகரத்தை ஓங்கி மிதித்தது.

"ஏலே, பிரேக்கு எங்கிட்ட இருக்குலே," என்று தவசி சிரித்தான்.

அருஞ்சுனையும் சிரித்தார். ஆடுகள் கடந்து முடிந்து வண்டி நகர்ந்த பிறகும் அந்தக் காலை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.