கதவுக்கு எந்தப் பக்கம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் குடியிருப்பில், எங்கள் லைன் வீடுகளிலேயே பிடிவாதக்காரி யாரென்றால் யசோதராதான். விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரு கார்மெண்ட்ஸுக்குப் போவாள். போகிற வழியெல்லாம் போனைக் கையை விட்டு இறக்க மாட்டாள். ஒரே மகன் பாரி கடற்படைக் கப்பலில் இருக்கிறான். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் பேச்சு. இந்த வருஷத்தோடு அவன் சர்வீஸ் முடிகிறது. நீட்டிக்காமல் வந்துவிடச் சொல்ல வேண்டும், ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று தினமும் என் காதைத் தின்பாள்.

போன ஞாயிறு சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது நானும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். யசோதரா ஸ்பீக்கரில் போட்டாள். கப்பலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கடியில் வேண்டுமென்றே குண்டை வெடிக்கவைத்து, கப்பல் தாங்குகிறதா என்று சோதித்தார்களாம்.

"நம்மூரு ஏர் பிளாஸ்ட் மாதிரியே குலுங்குச்சும்மா," என்றான். சுரங்கத்தில் பாறை வெடித்து பூமி ஆடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"கப்பலுக்கு ஒண்ணும் ஆவலியாடா?"

"ஆவாது. மெஷினுங்கள ஸ்பிரிங்கு, ரப்பரு மேலதான் உக்கார வெச்சிருப்பாங்க. அதிர்ச்சிய அது வாங்கிக்கும். கப்பலே அறை அறையா இருக்கும். ஒண்ணு ஓட்டையானா இரும்புக் கதவ மூடிடுவோம். தண்ணி அடுத்த அறைக்குப் போவாது, கப்பல் முழுகாது."

"கதவ மூடறது யாரு?"

"எங்க டீம்தான்."

"மூடறப்ப நீ எந்தப் பக்கம் நிப்ப?"

பாரிக்குப் பொய் சொல்ல வராது. "உள்பக்கம்தாம்மா. ஓட்டைய யாரு அடைக்கிறது?"

இதோ, வந்துவிடு என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"உன்கூட உள்ள நிக்கறது யாருடா?"

"நாகேஷ்னு ஒருத்தன். ஸ்ரீகாகுளம்."

"அவங்க அம்மா நம்பர் வாங்கிக் குடு."

பாரி சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் அப்பா சுரங்கத்தில் இறங்கிய காலத்தில், பூமி குலுங்கினால் எந்தப் பெண்ணும் சுரங்க வாயான ஷாஃப்டுக்குத் தனியாக ஓட மாட்டாள். புருஷனோடு பூமிக்கடியில் அதே ஆழத்தில், அதே லெவலில் வேலை செய்பவன் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை ஒருத்தி கையை ஒருத்தி விட மாட்டார்கள்.

நம்பர் வந்ததும் யசோதரா அந்த அம்மாவைக் கூப்பிட்டு, எங்களூர்த் தெலுங்கில், தான் யார் என்று சொன்னாள். மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அந்த அம்மா பதறிப்போனாள். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

பிறகு அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். "எங்க மேல கோவிச்சுக்கிட்டுப் போனவன், பேசறதே இல்ல. நல்லா இருக்கானா?"

யசோதரா நாகேஷைப் பார்த்ததுகூட இல்லை.

"நல்லா இருக்கான்மா. பக்கத்துலயே என் பையன் இருக்கான். பாத்துக்குவான், நீங்க கவலப்படாதீங்க."

போனை வைத்த பிறகுதான் அழுதாள். "பாத்துக்குவான்னு சொல்லிட்டேனே, இனிமே பாரிய வந்துடுன்னு எப்படிக்கா கூப்பிடுவேன்?" என்றாள்.