பாய்மரம் நாட்டாத தோணி

இந்தக் கொழும்பில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ, மடியிலிருக்கும் பொம்மைக் கப்பலுக்கு நூல்கயிறு கட்டுகிறார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "குட் வர்க்" என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. அவர் எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பறங்கியரான மிஸ்டர் ஹென்றி. தூத்துக்குடியில் இதே வயது ஆள் இப்படி உட்கார்ந்திருந்தால், சாயங்காலத்துக்குள் தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்க ஆள் வந்திருக்கும். வந்து பன்னிரண்டு வருஷமாகியும் இந்த ஊரில் எனக்குப் பழகாத காட்சி இதுதான்.

அவர்தான் எனக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தார். யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து வந்தது. இனி வராது என்றார். உள்ளே கப்பல் உடம்புக்கு முரட்டாகச் செதுக்கிய மரம், பால்ஸா என்கிற பஞ்சு போன்ற பலகைகள், ஒரு குப்பிப் பசை, மடித்த வரைபடம். கொழும்பில் குண்டு விழுந்தபின் மனைவியையும் பிள்ளைகளையும் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு நான் தனி அறையில் இருந்தேன். அபாயச் சங்கு ஊதாத நேரத்திலும் காதுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. சோற்றுத் தட்டை ஏந்தினால் கை நடுங்கும். பால்ஸாவைச் சீவும்போது மட்டும் நடுக்கம் நின்றது. அதனால்தான் முப்பத்தெட்டு வயதில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மறுபடி கப்பல் கட்ட உட்கார்ந்தேன்.

மறுபடி என்றா சொன்னேன்? ஆம், பதின்மூன்று வயதில் ஒன்று கட்டியிருக்கிறேன். நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆழம் கிடையாது, பெரிய கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போடும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா அந்தக் கப்பல்களுக்குப் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர். ஒரு கப்பல் இஞ்சினியர் தந்தார் என்று இப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்தார். நான் அதைக் கட்டி, விலாவில் அப்பா படகின் பெயரை எழுதி, பாய்மரம் நாட்டி மேசையில் வைத்தேன். அந்த வாரம் காற்று மாறி, கப்பலுக்குப் போன அப்பா இரண்டு நாளாகத் திரும்பவில்லை. அம்மா மேசையைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"ஏலே, பாவி! கடல்ல கிடக்கிறதுக்கு வீட்டுல பாய்மரம் நாட்டலாமால?"

எங்கள் தெருவில் கரை சேர்ந்த கலத்துக்குத்தான் சின்ன உருவம் செய்து, பாய்மரம் நாட்டி, மாதா கோயிலில் நேர்ச்சைக் காணிக்கையாக வைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற கலத்துக்கு நாட்டினால், அதன் பயணம் முடிந்தது என்று நாமே சொன்னதாகும். அம்மா பாய்மரத்தைப் பிடுங்கிப் படுக்கவைத்தாள். மறுநாள் காலை அப்பா வந்துசேர்ந்தார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் நான் எந்தக் கப்பலையும் தொடவில்லை.

மிஸ்டர் ஹென்றி தந்த பெட்டியிலிருந்தது சீமைச் சரக்குக் கப்பல். அதைச் சீவிச் சீவி அண்ணனின் தோணியாக மாற்ற ஆசை வந்தது. அண்ணன் சூசை, ஒரு தோணியின் தண்டல், அதாவது தலைவர்; கருவாடும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடுகிறவர். அடுத்த நடை வரும்போது கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நாலடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, தோணியின் அளவுகளைக் கேட்டு எழுதினேன். பாய்மரத்தையும் செய்துவிட்டேன், ஆனால் நாட்டவில்லை. அண்ணன் வந்து இறங்கிய பிறகு அவர் கையாலேயே நாட்டட்டும் என்று துணியில் சுற்றி வைத்தேன்.

அண்ணன் வெள்ளை மனசுக்காரர். நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை, பாய்மரம் இத்தனை என்று எல்லாம் எழுதி, திங்கட்கிழமை புறப்படுகிறேன் என்றும் சேர்த்துவிட்டார். யுத்தகாலத்தில் கடல் தாண்டி வருகிற கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வியாழக்கிழமை காலை ஆபீசுக்கே போலீஸ்காரன் வந்து, அறையில் கட்டி வைத்திருந்த பொம்மையையும் அண்ணனின் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னை அழைத்துப்போனான். புதன்கிழமையே வந்திருக்க வேண்டிய தோணி அதுவரை வரவில்லை. டிராமில் பொம்மைத் தோணியை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, ஜெயிலுக்குப் பயந்தேனா கடலுக்குப் பயந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரி சிங்களவர், மரியாதையான மனிதர். மேசைமேல் அண்ணனின் கடிதம் விரித்துக் கிடந்தது.

"விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு நிஜக் கப்பலின் அளவு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அளவு சரியாக இருந்தால்தான் அழகு" என்றேன். மிஸ்டர் ஹென்றி சொல்லிக்கொடுத்த பதில்.

அவர் அளவுகோலை எடுத்தார். உடம்பை அளந்தார், கடிதத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு துணிச்சுருளை அவிழ்த்தார்.

"இதை நிறுத்திக் காட்டு. உயரம் பார்க்க வேண்டும்."

"அது இப்போது முடியாது."

"உடைந்திருக்கிறதா?"

"இல்லை."

"பிறகு?"

தோணி கடலில் இருக்கிறது, வந்து சேரட்டும் என்றேன். அவர் முகம் மாறியது. நான் ஏதோ செய்திக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "தோணி வந்தால் என்ன நடக்கும்? யார் வரப்போகிறார்கள்?" என்று குரலை உயர்த்தினார். அம்மாவின் கதையை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்யாகக் கேட்டது. தோணி வந்ததும் உன் அண்ணனையும் பிடித்து வைக்க வேண்டியிருக்கும் என்றார். பாய்மரத்தைக் கையில் எடுத்தேன். ஆபீஸ் சாப்பாட்டுக்குக் கலைகிற பன்னிரண்டு மணிக்கு, அதன் அடியில் அவர் மேசையிலிருந்த பசையைத் தடவி, துளையில் இறக்கி, விரலால் அழுத்திப் பிடித்தேன். அது நேராக நின்றது. அளவும் சரியாக இருந்தது.

"அழகான வேலை" என்று அவர் சிரித்தார். கடிதத்தைக் கொடுத்தார். தோணி வருகிறவரை பொம்மை இங்கேயே இருக்கட்டும் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டார். போகிறபோது பாய்மரத்தைப் பிடுங்கிவிடலாம் என்றிருந்த நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. இது வெறும் பால்ஸா, கடலுக்கு இதைப்பற்றி என்ன தெரியும் என்று எனக்கு நானே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. வேறு தோணிக்காரர்களிடம் விசாரித்தேன். நடுக்கடலில் சூறைக்காற்று என்றார்கள், அதற்குமேல் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணியிடம் என்ன எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து துறைமுகத்துக்கு ஓடினேன். இன்னொரு தோணி எங்கள் தோணியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதில் பாய்மரம் இல்லை. அடியில் வெட்டிய கட்டைதான் நின்றது. அண்ணன் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். கைகளில் கயிறு அறுத்த காயங்கள்.

"வியாழக்கிழம மத்தியானம்ல. திடீர்னு காத்து வந்து மரத்த முறிச்சிட்டு. வெட்டிவிட்டுத்தான் தப்பிச்சோம். நீ அந்த நேரத்துல எனக்காக வேண்டுனியோ? யாரோ வேண்டுதாங்கன்னு எனக்கு நெஞ்சுல தோணிச்சு."

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். ஆனால் இரண்டு அழுகையும் ஒன்றல்ல. அதிகாரி தோணியைப் பார்த்துவிட்டு, வந்து பொம்மையை எடுத்துக்கொள் என்று சொல்லியனுப்பினார். நான் இன்னும் போகவில்லை.

அடுத்த வாரம் இந்த ஊர் மரத்தில் புதிய பாய்மரம் செய்தார்கள். அதை நாட்டுகிற சனிக்கிழமை நான் லீவு போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். தோணியில் வேலை செய்யும் கலாசிகள் கயிறுகளைப் பிடித்து நின்றபோது அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. நீயும் கயித்தப் பிடி. கூடப்பொறந்தவன் கை படணும்லா."

என் கை எழவில்லை.

"ஆபீசுக்கு நேரமாச்சுண்ணே."

லீவு போட்டிருப்பதை நானேதான் காலையில் அவரிடம் சொல்லியிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கலாசிகளிடம் திரும்பிச் சிரித்தார்.

"விட்ருங்கலே. அவன் கொழும்புக்காரனாயிட்டான். இதெல்லாம் நம்ப மாட்டான்."

இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நான் கரையிலேயே நின்றேன். நான் தொடாத பாய்மரம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது.