பாவாவின் நாக்கும் என் ரிப்போர்ட்டும்

1. பூவுக்குத் தடை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் தலையிலிருந்த பூவை எடுக்கச் சொன்னார்கள்.

"பூவ வெளிய வெச்சிட்டு வாம்மா. டேஸ்டிங் ரூம்ல மல்லி வாசன ஏறிச்சின்னா, அப்புறம் எந்த பீரக் குடிச்சாலும் மல்லிதான் அடிக்கும்" என்றார் மேனேஜர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து நெரிசல் பஸ்ஸில் பூ கசங்காமல் வந்ததே பெரிய பாடு.

தொண்ணூறுகளின் நடுவில் திருத்தணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன பீர் தொழிற்சாலை அது. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு லேபில் வேலை. பூ கூடாது, விபூதி கூடாது, வெற்றிலை கூடாது, தலையில் தேங்காய் எண்ணெய்கூடக் கூடாது. இந்த ஊரில் அது நடக்கிற காரியமா? கிருத்திகை வந்தால் பாதிப் பேர் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டுதான் ஷிப்டுக்கு வருவார்கள். அதனால் கிருத்திகைக்கு மறுநாள் டேஸ்டிங் வைக்கவே மாட்டோம்.

இன்னொரு விதியும் உண்டு. பீரை ருசி பார்ப்பவர் துப்பக் கூடாது. கசப்பு முழுசாகத் தெரிவது அடித்தொண்டையில்தான். ஒரு வாயாவது விழுங்கினால்தான் மார்க் போட முடியும். இந்த விதியைப் பின்னால் எத்தனை தடவை சபித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

2. பாவா

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் பாவா. என் அக்கா சரோஜாவின் வீட்டுக்காரர், பெயர் முனிரத்தினம். அங்கே செல்லார் ஆபரேட்டர். அதாவது பீர் புளிக்கிற டேங்குகளெல்லாம் அவர் பொறுப்பு. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் தொழிற்சாலையிலேயே நல்ல நாக்கு அவருடையதுதான். நாலாம் நம்பர் டேங்கில் வெண்ணெய் வாசனை வருகிறது என்று அவர் திங்கட்கிழமை சொன்னால், லேபில் எங்களுக்கு அது புதன்கிழமை தெரியும். சரியாகப் புளிக்காத பீரை வாயில் வைத்ததும், "பாவுக்குப் போடற கஞ்சி மாதிரி கீது" என்பார். தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வீட்டில் பிறந்த எனக்கு அந்த வாசனை உடனே மூக்கில் வரும். மேனேஜர்தான் விழிப்பார்.

நாக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு கெட்டது குடி. ஓர் ஆடிக் கிருத்திகை அன்று போதையோடு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறியவர், வழுக்கி விழுந்தார். குழந்தைக்குக் கை முறிந்தது. அன்றைக்கே மாலை போட்டுக்கொண்டார். ஒரு வருஷம் சொட்டுக்கூடத் தொடுவதில்லை, அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பது என்று வேண்டுதல். டேஸ்டிங் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார்.

"மாலய போட்டுகினு பீர் டேங்க கழுவுறியே, முருகரு ஒத்துக்கினாரா?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"கழுவுறதுக்கு ஒத்துக்கினாரு. குடிக்கிறதுக்குதான் ஒத்துக்கல" என்பார் பாவா. பதினோரு மாசம் அப்படியே இருந்தார். அக்கா முகத்தில் சதை பிடித்தது. இதைப் பார்த்து, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, மாப்பிள்ளையோடு மறுபடி பேச ஆரம்பித்தார்.

3. சரக்கு இல்லாத பீர்

அந்த வருஷம் முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்து, ஆல்கஹால் இல்லாத பீர் போட வேண்டும் என்றார். சின்ன கெட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று விதம்: ஒன்று வெளிர் நிறம், ஒன்று வறுத்த மால்ட் போட்ட கறுப்பு, ஒன்று இஞ்சி. "கோயில் ஊர்லயே தெகிரியமா விக்கலாம்மா" என்று சிரித்தார். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாதாரண பீருக்கு, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பு நீரை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டு ஒரு வாரம் விடுவோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சரக்காக்கும். ஆல்கஹாலைத் தனியாகப் பிரிக்கும் மிஷின் எங்களிடம் இல்லை. அதனால் இனிப்பு நீரை ஏறக்குறைய உறையும் குளிருக்குக் கொண்டுபோய், ஈஸ்ட்டை ஒன்றரை நாள் மட்டும் விட்டு வடிகட்டினோம். அந்தக் குளிரில் ஈஸ்ட்டால் கஞ்சி வாசனையைக் குறைக்க முடியும், சரக்காக்க முடியாது. ஆனால் சர்க்கரை அத்தனையும் பாட்டிலுக்குள் அப்படியே இருக்கும். வடிகட்டியில் தப்பித்த ஈஸ்ட்டைச் சூடு பண்ணிக் கொல்லாவிட்டால், பாட்டிலுக்குள்ளேயே அது வேலையை ஆரம்பித்துவிடும்.

பாட்டில்களை வெந்நீர்த் தொட்டியில் அடுக்கிச் சூடு பண்ணினோம். தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, அறுபது காட்டியதும் நேரத்தை எண்ண ஆரம்பித்தேன். ஒரு பாட்டிலைத் திறந்து உள்ளே வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சில்லென்ற டேங்கிலிருந்து வந்த பீர் அது. வெளியே அறுபது என்றால் உள்ளே எவ்வளவு இருந்திருக்கும்? இன்றைக்கு எந்த டிரெய்னியைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். அன்றைக்கே டெஸ்ட் செய்தேன், கிட்டத்தட்ட ஜீரோ. கையெழுத்துப் போட்டேன். பாட்டில்கள் தகரக் கூரை போட்ட குடோனுக்குப் போயின. வெயிலில் மூன்று வாரம் தாங்குகிறதா என்று பார்க்க.

4. "இன்னொரு வாய் குடிச்சிப் பாருங்க"

மூன்று வாரம் கழித்து டேஸ்டிங். முதலாளியே வருவதாக இருந்தது. பாவா இல்லாமல் அதை நடத்த எனக்கு மனமில்லை. அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"வேணாம்டி கஸ்தூரி. இப்பதான் மனுஷனா நடமாடிகினு இருக்காரு. இன்னும் ஒரு மாசம்தான்" என்றாள் அக்கா.

"அக்கா, இதுல சரக்கே கிடையாது. சோடா மாதிரி. நான் கேரண்டி."

பாவா என்னையே பார்த்தார். "நெஜமா இல்லியா?"

"நானே டெஸ்ட் பண்ணேன் பாவா."

"நீ சொன்னா சரி" என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்தோம். வெளிர் நிறத்தை ஒரு வாய் விழுங்கியவர், கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"கஸ்தூரி, இதுல இருக்குது."

"என்னா இருக்குது?"

"சரக்கு. இனிப்பு கொறஞ்சி போயிட்சி பாரு. தொண்டைல சூடு தெரியுது."

இனிப்பு குறைந்துவிட்டது என்றால் சர்க்கரை எங்கே போனது? கெமிஸ்ட்ரி படித்த எவரும் கேட்கவேண்டிய கேள்வி. நான் கேட்கவில்லை. முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார். என் ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது.

"பேப்பர்ல ஜீரோ பாவா. பதினோரு மாசம் ஆச்சில்ல, உங்க நாக்குக்குப் பழைய ஆசை. இன்னொரு வாய் குடிச்சிப் பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாவாவும் சிரிக்க முயன்றார். பிறகு என் பேச்சை நம்பி மூன்று கிளாசையும் முடித்தார். மார்க் போடும் தாளில் சரக்கு என்று எழுதியிருந்ததை அவரே அடித்துவிட்டார்.

5. மூடி சரியில்லை

மனசு கேட்காமல் மறுநாள் அதே பேட்ச்சை மறுபடி டெஸ்ட் செய்தேன். இரண்டரை சதவீதம். சாதாரண பீரில் பாதி. மேனேஜரிடம் ஓடினேன்.

"பேட்ச்ச கொட்டிடலாம்மா. ரிப்போர்ட் வெளிய போவ வேணாம். மொதல் கையெழுத்து உன்னுது, மறந்துடாத" என்றார். நான் தலையாட்டினேன்.

கொட்டும் வேலை பாவாவிடம்தான் வந்தது. பாட்டில் பாட்டிலாக உடைத்துச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டே, "என்னாத்துக்கு கொட்டறாங்கோ?" என்று கேட்டார்.

"மூடி சரியில்ல பாவா, காத்து போவுது" என்றேன்.

ஒரே வார்த்தை, 'நீங்க சொன்னது சரி' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வேண்டுதல் கெட்டதற்காக என்னைத் திட்டியிருப்பார், அக்கா அறைந்திருப்பாள். மலைக்குப் போய், தெரியாமல் நடந்துவிட்டது என்று சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காவடி எடுத்திருப்பார். நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரெல்லாம் அரோகரா. பாவா காவடி எடுக்கவில்லை. மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டு, அக்காவிடம் சொன்னாராம்: "சரக்கே இல்லாத தண்ணில என் நாக்கு சரக்கு கண்டுபிடிக்குது சரோஜா. அது உள்ளயே உக்காந்துகினு கீது. இத்த வெச்சிகினு சாமிய ஏமாத்தக் கூடாது." அந்த மாசமே குடிக்க ஆரம்பித்தார். இந்த முறை யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

6. தாமதமான ரிப்போர்ட்

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். பாவா கல்லீரல் கெட்டு, வேலையும் போய், வீட்டிலேயே படுத்துவிட்டார். பார்க்கப் போன ஒரு நாள், இனி முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ இருந்திச்சி?"

"ரெண்டரை, பாவா."

"அப்ப நான் கரெக்டாதான் சொன்னேன்" என்றார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "சரோஜா, இங்க வா! உன் தங்கச்சி சொல்றத கேளு. எனுக்கு ஆசைல்லாம் இல்லவே இல்ல. மெய்யாலுமே இருந்துகீது!"

அக்கா தறியிலிருந்து எழுந்து வந்து, வாசற்படியில் நின்று முழுசும் கேட்டாள். திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசியது, பாவா இறந்த செய்தியைச் சொல்லத்தான்.

புதிதாக லேபுக்கு வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். தெர்மாமீட்டரைப் பாட்டிலுக்குள் வையுங்கள். ருசி பார்த்தவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் டெஸ்ட் அதற்கு ஒத்துவராவிட்டால் டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். வந்த ரிசல்ட்டை மேனேஜருக்குச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கிளாசைக் குடித்தவரிடம் சொல்லுங்கள். அதுவும் அன்றைக்கே சொல்லுங்கள். நான் ஏழு வருஷம் கழித்துச் சொன்னேன். அதைக் கேட்டுச் சந்தோஷப்படப் பாவாவுக்கு மிஞ்சியிருந்தது இரண்டு மாசம்தான்.