சேவல்தான் கூவவில்லை

தகரக் கூரையில் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து வாசல் பக்கம் இன்னொன்று. வீட்டில் ஆள் உண்டா என்று பார்க்க யாரோ கல்லெறிகிற மாதிரி. என் பாப்பாவை அணைத்துக்கொண்டு மூச்சடக்கிக் கேட்டேன். இனித் தூக்கம் வராது, எழுதலாம். என் தொழிலைப் பற்றி எழுதினால் பயம் கொஞ்சம் விலகும். கணக்கு வாத்தியாரிடம் யாரும் "ரெண்டும் ரெண்டும் நாலுன்னா அது நியாயமா?" என்று கேட்பதில்லை; ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவளிடம் தினமும் கேட்கிறார்கள். என்னைப் போலத் தோட்டங்களில் வேதக் கதை சொல்லி மாட்டிக்கொண்ட சகோதரிகள் இருந்தால், அவர்களுக்கு இது புரியும்.

நான் மலாக்கா கன்னியர் மடத்தில் படித்தவள். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். என்னைக் கட்டுவதற்காகவே ஞானஸ்நானம் வாங்கி, சுப்பையா என்ற பேரை விட்டு அந்தோணி ஆனவர். ரப்பர் விலை விழுந்தபோது அவருக்கும் சீட்டுக் கிழிந்தது. மலாக்காவில் வேலை தேடிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனார். காலையில் பிள்ளைகளுக்குப் பாடமும், பிற்பகலில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில் ஞானோபதேசமும் சொல்கிறேன் என்பதால் லயத்து வரிசையிலுள்ள இந்த வீட்டில் என்னை இருக்க விட்டார்கள். போகிற அன்று அவர் சொன்னது இது: "கதவைத் தாழ் போடாதே ரோசலி. நடுச்சாமத்துல வந்து தட்டினா லயமே எழும்பி வேடிக்கை பார்க்கும்." அன்றிலிருந்து கதவைச் சாத்தி, அம்மிக் குழவியை அண்டக் கொடுத்துப் படுக்கிறேன். அவர் தள்ளினால் உருளும். யார் தள்ளினாலும் உருளும்.

விதை வெடிக்கிற காலம்

இந்தச் சத்தம் முதன்முதலில் கேட்ட ராத்திரி, அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். தலையைக் கோதிக்கொண்டு, விளக்கைத் தூண்டிவிட்டு, குழவியை நகர்த்திக் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. வெறும் மண்ணும், இருட்டில் வரிசையாக நின்ற பால்மரங்களும்தான். திரும்பவும் ஒரு சத்தம். திரும்பவும் திறந்தேன். விடிகிற வரைக்கும் இதே வேலை.

பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா பால் வெட்டுக்குப் போகிறவள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பியவள் என் கண்ணைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். குனிந்து, வாசலில் கிடந்த புள்ளி போட்ட ரப்பர் விதை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். வெயில் காலத்தில் காய் வெடித்து விதை தெறிக்குமாம். மடத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. அவள் சிரிக்கவில்லை. "புருஷன் வந்தா ஒரு தடவைதான் சத்தம் கேக்கும் டீச்சரம்மா. விதை வெடிச்சாத்தான் ராத்திரி பூராக் கேக்கும்."

நல்ல பையன் யூதாஸ்

கொட்டகையில் கதை கேட்க வருகிறவர்களில் ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் பிள்ளையைத் தூக்க வந்து, கதைக்காக உட்கார்ந்துவிடுகிறவர்கள். ஒரு நாள், "யூதாஸ் தன் குருவான சேசுநாதரைக் காட்டிக் கொடுத்தான்" என்று சொல்லி நிறுத்தினேன். யாராவது 'ஐயோ' என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். மூக்காயி அக்கா, "நல்ல பையன்" என்றாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்துக்குப் புதிதாக ஆள் வந்தால், பழைய ஆள் ஒருவர் கூடவே போய், எது அவன் வெட்ட வேண்டிய மர நிரை, எந்த மரத்தில் எங்கே வெட்டு நிற்கிறது, எங்கே குளவிக் கூடு என்று காட்டிக் கொடுப்பார். இங்கே அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஊருக்குப் புதிதாய் வந்த சாமிக்கு யூதாஸ் வழி காட்டியிருக்கிறான் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படியில்லை, முத்தம் கொடுத்து, 'இவர்தான்' என்று பிடிக்க வந்த சேவகருக்கு அடையாளம் காட்டினான், கூலியும் வாங்கினான் என்று விளக்கினேன். கப்பலேறி வந்தவர்களில் மூத்தவரான வீரப்பன் தாத்தா தொண்டையைச் செருமினார். "எங்களையும் நாகப்பட்டினத்துல தோளுமேல கைபோட்டுத்தான் கூட்டியாந்தாங்க. இந்த யூதாசு எந்தத் தோட்டத்துக் கங்காணி, டீச்சரம்மா?"

எண்ணெய் இரவல்

மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியர் கதை மடத்தில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புத்தியுள்ள ஐந்து பேர் எண்ணெய் மிச்சம் வைத்திருந்தார்கள். மற்ற ஐந்து பேர் கேட்டபோது தரவில்லை. அவர்கள் எண்ணெய் வாங்கிவரப் போன நேரத்தில் மணவாளன் வந்து கதவை அடைத்துவிட்டான். விழித்திருங்கள் என்பதுதான் பாடம். அவர் போனதிலிருந்து நானும் விளக்கில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைப்பதில்லை.

விடியுமுன் விளக்கோடு வேலைக்குப் போகிற பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. எண்ணெய் இரவல் தராதவர்களுக்குப் புத்தியுள்ளவர்கள் என்று பேரா என்று ஒரே சண்டை. அந்த ஐந்து பேரும் எந்த லயத்தில் இருந்தாலும் அவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது என்று தீர்ப்பாயிற்று. ஆயா அஞ்சலை மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டாள்: "நேரங்கழிச்சு வந்தது மாப்பிள்ளை. கதவைச் சாத்தினதும் மாப்பிள்ளை. அப்ப அந்தப் பொண்ணுங்களுக்குன்னு ஒரு கதவும் கிடையாதாம்மா?"

பாதிச் சேலை

அதற்குப் பதிலாக, மடத்தில் ஒரு மதர் படித்துக் காட்டிய இங்கிலீஷ் கதையைச் சொன்னேன். கடலோடியின் மனைவி ஒருத்தி ஒவ்வொரு ராத்திரியும் ஜன்னலில் விளக்கு வைக்கிறாள். தலை நரைத்த பிறகு அவன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே கரைசேருகிறான். மதர் படிக்கும்போது நாங்கள் எல்லாரும் அழுவோம். அப்படிக் காத்திருக்க எனக்கும் ஒருத்தன் வேண்டும் என்று ஜெபம் பண்ணினவள் நான். கேட்டுக்கொள்வதில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்.

அஞ்சலை அழவில்லை. அவள் புருஷன் சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பாதவன். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கூத்திலும் ஒரு ராஜா உண்டு என்று ஆரம்பித்தாள். நடுக்காட்டில், தூங்குகிற பெண்டாட்டியின் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறான். அவனுக்குச் சனி பிடித்திருந்ததாம். அதனால் குற்றம் சனியின் மேல். கூத்து முடிகிறபோது விடிந்துவிடும், ராஜாவும் திரும்பி வந்துவிடுவான், சனங்கள் அவனுக்குத்தான் கும்பிடு போடுவார்கள். அவள் தூளியை நிறுத்தினாள். "ராஜான்னா சனின்னு சொல்லித் தப்பிச்சுக்கிறான். எங்க ஊட்டு ஆம்பளைக்கு என்ன பிடிச்சுதுன்னு யாரும் பாட்டுக் கட்டல."

அழுதாரில்லே

அதற்கடுத்த பாடம் சேசுநாதரின் தலைமைச் சீடர் இராயப்பர். குரு பிடிபட்ட ராத்திரி, குளிர்காய்கிற இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண், 'நீயும் அவரோடு இருந்தவன்தானே' என்று கேட்க, அந்த மனுஷனை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தவர். சேவல் கூவுமுன் மறுதலிப்பாய் என்று குரு முன்பே சொல்லியிருந்தபடி, சேவல் கூவியது. வெளியே போய் மனங்கசந்து அழுதார். அவரையே பிற்பாடு திருச்சபைக்குத் தலைவராக்கினார்கள் என்றேன்.

அவ்வளவு எளிதில் விடுவார்களா? காட்டிக் கொடுத்தவனுக்குத் தூக்குக் கயிறு, தெரியாது என்றவருக்குத் தலைமையா, ரெண்டும் துரோகம்தானே என்று வீரப்பன் தாத்தா கேட்டார். யூதாஸ் திரும்பி வரவில்லை, இராயப்பர் அழுதுகொண்டு திரும்பி வந்தார் என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. நான் யாருக்காக வழக்காடுகிறேன் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். மூக்காயி அக்கா என்னைப் பார்க்காமல், முந்தானையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை நகத்தால் உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அழுதாரில்லே? அப்பச் சரி. அழுவுற ஆம்பளைய உள்ள விடலாம்."

மூன்று தடவை

அம்மன் திருவிழாவுக்கு மலாக்கா போய்வந்த மூக்காயி அக்கா, நேரே தன் வீட்டுக்குப் போகாமல் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். பாப்பாவுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தாள். அதை ஆட்டிக் காட்டிக்கொண்டே, "கிராணி ஐயாவப் பாத்தேன்" என்றாள். துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாராம். உள்ளேயிருந்து ஒரு பெண் அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாளாம். கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னும் நிறம் போகவில்லையாம்.

"அந்தோணிக் கிராணிதானேன்னு கேட்டேன். எம்பேரு சுப்பையா, அந்தோணின்னு யாரையும் தெரியாதுன்னாரு. எங்க டீச்சரம்மா வீட்டுக்காருதானேன்னேன். எந்த டீச்சர்ன்னாரு. சரி, ரெண்டாச்சு, இன்னொண்ணு பாக்கியிருக்கேன்னு, பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருக்குய்யான்னேன். அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது, கடை வாசல்ல நிக்காதேன்னாரு."

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்து விறகை வாங்கி வைத்தாள். கடைக்கு எதிர்ப்புறம் போய் நெடுநேரம் நின்றாளாம், வெளியே வருவாரா, முகத்தைத் துடைப்பாரா என்று. அவர் காப்பியைக் குடித்துவிட்டு ஒரு துணியை அளந்து வெட்டினாராம். "நீங்க சொன்ன கதையாட்டம் மூணு தடவையும் கேட்டுப் பாத்துட்டேன் டீச்சரம்மா. சேவல்தான் கூவல."

தட்டுங்கள்

அதற்குப் பிறகும் நான் குழவியைத்தான் அண்டக் கொடுத்தேன். மனைவி காத்திருக்க வேண்டும் என்று மடத்தில் சொல்லிக்கொடுத்தது எலும்பில் இறங்கியிருக்கிறது. அழப் பிந்துகிறவர்களும் உண்டே. இன்றைக்கு ராத்திரி அழுகை வந்து, நாளைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்து, பஸ் நிற்கிற பெரிய சடக்கிலிருந்து நடந்து வந்தால்? இப்படியே நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதைச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். வேலையில்லாத ஆட்கள் தோட்டம் தோட்டமாக அலைகிற காலம். ஒரு நாள் காலையில் பார்த்தால், குழவி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்திருந்தது. கதவு இடுக்கு வழியே வெளிச்சம் வந்து பாப்பாவின் கால்மேல் விழுந்திருந்தது. காற்றாக இருக்கலாம், நாயாக இருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பாடம், தட்டுங்கள், திறக்கப்படும் என்பது. பாதியில் என் வாய் நின்றுவிட்டது. என்ன டீச்சரம்மா என்றாள் அஞ்சலை. "தட்டினால் திறப்பார்கள் என்றால், கதவு முதலில் சாத்தியிருக்க வேண்டும், இல்லையா?" என்று கேட்டேன். இத்தனை நாளும் அவர்கள் என்னைக் கேட்டார்கள். இன்று நான் அவர்களைக் கேட்டேன். மூக்காயி அக்கா வீரப்பன் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்: "சாத்தின கதவைத்தாம்மா தட்டுவாங்க. சாத்தாத கதவைத் தெருநாயிகூடத் தட்டாது, நேரா உள்ள வந்துரும்."

இதோ, கூரையில் மறுபடியும் ஒரு 'டக்'. விதைதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்தேன். குழவியை எடுத்து அம்மியிலேயே வைத்தேன். தாழ்ப்பாள் இத்தனை நாள் சும்மா கிடந்து துருவேறி, அசைய மறுத்தது. மிச்சம் வைத்த புட்டியைச் சரித்து அதன்மேல் மண்ணெண்ணெய் சொட்டவிட்டு, ஆட்டி ஆட்டித் தள்ளினேன். பெரிதாகக் கிறீச்சிட்டது, பாப்பா புரண்டு படுத்தாள், எழவில்லை. அவர் அழுதுகொண்டு வந்தால் தட்டட்டும். லயமே எழும்பி வேடிக்கை பார்க்கட்டும்.

அந்தப் புத்தியுள்ள கன்னியர் மணவாளனுக்காக எண்ணெய் மிச்சம் வைத்தார்கள். நான் அவருக்காக மிச்சம் வைத்த எண்ணெய் முழுக்கத் தாழ்ப்பாளுக்கே சரியாய்ப் போயிற்று.