சனிக்கிழமை நிற்கிற வண்டி

எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு என்னைப் பிடிக்காது என்று ஊரே நம்பியது. வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் உரமூட்டையும் மாட்டுத்தீவனமும் ஏற்றி ஓட்டுவார். சொன்ன பேச்சு கேட்கும். சனிக்கிழமை நான் தக்காளி ஏற்றிக்கொண்டு மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு மண்டிக்குக் கிளம்பினால் மட்டும் பாதி வழியில் இருமும், குலுங்கும், நின்றுவிடும்.

மெக்கானிக் தம்பி வருவார். முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூடியைத் துணியால் அழுத்தித் துடைத்து ஓரமாக வைப்பார். பிறகு, "பம்ப் போச்சுங்கக்கா" என்பார். புது பம்ப் மாட்டினால் ஜம்மென்று ஓடும். ஒரு சனிக்கிழமை தப்பினால் அடுத்த சனிக்கிழமை மறுபடி பம்ப் போகும். கழற்றிய பம்ப்புகள் மாட்டுக்கொட்டகை ஜன்னலில் கொலு வைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நீ கிளட்ச்ச மிதிக்கிற மிதில பம்ப்பு பயந்துக்குது" என்பார் வீட்டுக்காரர். "பொம்பள ஓட்டுனா வண்டிக்கு ரோசம் வருமில்ல" என்பார் என் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மாமியார் வெள்ளிக்கிழமை பூஜையைப் பெரிதாக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னொரு வாட்டி நின்னா வித்துருவேன். புரோக்கர வரச் சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஸ்டீயரிங் அது. அதைப் பிடித்தால்தான் நான் நான். விற்றுவிட்டால் மறுபடியும் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்.

அந்தச் சனிக்கிழமை மாமியாரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார், பாலக்கோட்டில் மூக்குக்கண்ணாடி வாங்க. பாதி வழியில் வண்டி நின்றது.

"பாத்தியா!" என்றார் அவர், ஏதோ ஜெயித்துவிட்டவர் மாதிரி.

மெக்கானிக் தம்பி தீர்த்தமலைக்கு மொட்டை போடப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. சரி, அவர் செய்வதை நாமே செய்வோம் என்று இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம்.

"ஆத்தா! உள்ள என்னமோ மூச்சு உடுதுடி!" மாமியார் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்புறப் புளியமரம் வரை ஓடிவிட்டார்.

டேங்க்கில் டீசல் தளும்பியது. மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கிளம்பிவிட்டது, பம்ப் மாற்றாமலே! மாமியாரை ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. மறுபடி இறங்கித் திருகினேன். புஸ்ஸ்ஸ். கிளம்பியது. அடுத்த முறை மாமியாருக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. "தள்ளு, நானு தெறக்கறேன்" என்று முந்திக்கொண்டார்.

மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெளிப்பக்கம் அந்த ஓட்டையே இல்லை. அங்கே கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை பூஜை! வண்டிக்கு வயிறு அதுதான் என்று, மாமியார் எப்போதும் டேங்க் மூடிக்கும் சந்தனம் வைப்பார்; நிற்க ஆரம்பித்ததிலிருந்து இன்னும் தாராளமாக அப்பிக்கொண்டிருந்தார். வாரம் பிறந்ததும் டீசல் போடும்போது வீட்டுக்காரர் அதைத் துடைத்துவிடுவார். அவருக்கு வண்டி ஏன் நிற்கும்? மெக்கானிக் தம்பியும் முதலில் மூடியைத் துடைத்துவிடுவார், பெயர் வாங்கிக்கொண்டது புது பம்ப்.

இதை எப்படிச் சொல்வது? "அத்த, எண்ணெ டின்னுக்கு ஏன் ரெண்டு ஓட்ட போடறோம்?"

"ஒண்ணு எண்ணெ வர, ஒண்ணு காத்து போவ. இதுகூடத் தெரியாதா?" என்றவர் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார் மெதுவாக.

என்னையா, தன்னையா, தெரியவில்லை. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவரே ஓட்டையைக் குத்தினார். குத்தக் குத்தச் சிரிப்பு வந்தது அவருக்கு. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வேகத்தைக் குறைத்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்றார். "பம்ப்பு சரியாப் போச்சுங்க, நீங்க போங்க!" என்று மாமியார் கத்தினார். அப்புறம் மண்டி வரைக்கும் வண்டி எங்கும் நிற்கவில்லை. நாங்கள்தான் சிரிப்பு அடங்காமல் திணறினோம்.

வீடு திரும்பியபோது வாசலில் புரோக்கர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இறங்கிவிட்டார். "வண்டிக்கும் ஒண்ணுமில்ல, ஓட்டறவளுக்கும் ஒண்ணுமில்ல. கோளாறு எங்கிட்ட. டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். பானெட்டுக்கு வைத்தார். டேங்க் மூடி அருகே போய் நின்று யோசித்தார். பிறகு சுற்றி வந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, மூடிக்கு அப்புகிற அதே அளவுச் சந்தனத்தை என் நெற்றியில் அப்பினார்.

"வண்டிக்கு இல்லீங்களா அத்த?"

"வண்டிக்குத்தான் வெச்சேன், பேசாம இரு."

சந்தனம் மூக்கு வரைக்கும் வழிந்தது. நான் துடைக்கவில்லை.